முட்டைக்குள்ள கருவளையம், குடலுக்குள்ள கரும்புள்ளி

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் எழுதுறவங்க மேல எனக்கு ஒரு கோபம் இருக்குங்க. பெரிய கோபம் எல்லாம் இல்லை, ஒரே ஒரு வரி அளவுக்கான கோபம். ஆனா அந்த ஒரு வரி இல்லாததால எங்க வீட்டுப் பெரிய மனுஷன் ஒருத்தர் பக்கவாதத்தோட வாசப்படி வரைக்கும் போயிட்டு வந்தார். அதனால இன்னைக்கு சினிமா, மொக்கை எல்லாத்துக்கும் லீவு. கொஞ்சம் குடல் பத்திப் பேசுவோம். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க இலையை மடிச்சு வெச்சுட்டு வாங்க :)

மேட்டர் இதுதான். இரைப்பையைத் தாண்டினதும் சிறுகுடல் ஆரம்பிக்குது இல்லையா, அதோட முதல் ஒரு சாண் சொச்சத்துக்கு டியோடினம்னு பேரு. தமிழ்ல முன்சிறுகுடல். சில பேருக்கு, குறிப்பா அம்பது அறுபது வயசைத் தாண்டினவங்களுக்கு, அந்த இடத்தோட உள் சவ்வுல மிளகைப் பொடிச்சுத் தூவின மாதிரி கருப்பு கருப்பா புள்ளி இருக்கும். வலிக்காது. ரத்தம் வராது. பசியைக் கெடுக்காது. வேற எதுக்காகவோ குழாய் விட்டுப் பார்க்கும்போது தற்செயலா கண்ணுல படும், அவ்வளவுதான். இதுக்கு வெச்ச பேரு சூடோமெலனோசிஸ் டியோடினை. இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயா மாறுறதும் இல்லை. வைத்தியமும் தேவையில்லை. 1976ல பிசோர்டி, கிளெய்ன்மன்னு ரெண்டு டாக்டருங்க ஒரு எண்டோஸ்கோப்பி இதழ்ல இதைப் பத்தி எழுதினாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா டாக்டருங்க அங்கொண்ணும் இங்கொண்ணுமா எழுதிக்கிட்டுதான் இருக்காங்க. எல்லாருமே கடைசியில சொல்றது ஒண்ணுதான், புள்ளியை விட்டுடுங்க, ஆளைப் பாருங்க.

இவ்வளவு சாதுவான ஒரு சமாச்சாரம் எப்படி ஒரு குடும்பத்தை ஆட்டி வைக்கும்? சொல்றேன்.

எங்க பெரியப்பாவுக்கு 64 வயசு. ராசிபுரம் பக்கம் வீடு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள்ல முப்பது வருஷம் ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு போர் போட்டுச் சுத்தினவர். அந்த வேலையில நேரத்துக்குச் சோறு கிடையாது, தூக்கம் கிடையாது, முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிப் போட்டுக்கற மாத்திரைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. பிபி வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. அப்புறம் சர்க்கரை. மூணு வருஷத்துக்கு முன்னாடி கிரியாட்டினின் கூடியிருக்குன்னாங்க. கிட்னி மந்தமானா ரத்தம் ஊற வைக்கிற ஹார்மோனும் குறையும், அதனால ஹீமோகுளோபின் 9க்கு வந்து நின்னுச்சு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. ரெண்டு வருஷமா விடாம சாப்பிட்டார்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டா மலம் கருப்பாப் போகும், அது இயல்பு. ஆனா வயித்துல ரத்தம் கசிஞ்சாலும் கருப்பாத்தான் போகும். அந்த வயசுல, ரத்தம் கம்மியா இருக்கிற ஒருத்தருக்கு, எது எதுன்னு ஊகம் பண்ணிக்கிட்டு உட்கார முடியாது. குழாய் விட்டுப் பார்க்கச் சொன்ன டாக்டர் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. சேலத்துல ஒரு தனியார் சென்டர்ல பார்த்தாங்க. அல்சர் இல்லை, ரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை. முன்சிறுகுடல்ல கருப்புப் புள்ளி. ஒரு துளி சதை கிள்ளி பயாப்சிக்கு அனுப்பினாங்க. அதுவும் சரிதான். ஏன்னா ரொம்ப அபூர்வமா, தோல்ல வர்ற மெலனோமாங்கற புற்றுநோய் குடலுக்குப் பரவினாலும் கருப்பாத் தெரியும். ஒரு தடவை உறுதி பண்ணிக்கறதுல தப்பே இல்லை.

அஞ்சு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. பளபளன்னு கலர் போட்டோவோட, இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். உள்ள என்ன இருந்துச்சுன்னா, நிறமி நிரம்பிய மேக்ரோஃபேஜ் செல்கள், சூடோமெலனோசிஸுக்குப் பொருந்துகிறது, மருத்துவத் தகவல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். கீழ தடிச்ச எழுத்துல 'ஃபாலோ அப்'. எதுக்கு ஃபாலோ அப், எப்ப, யார்கிட்ட, ஒண்ணும் கிடையாது. "இது தீங்கற்றது"ன்னு ஒரு வார்த்தை, இங்கிலீஷ்ல கூட, எங்கயும் இல்லை.

ரிப்போர்ட்டை முதல்ல படிச்சது பத்தாவது படிக்கிற பேரன். அவன் போன்ல தேடினான். மெலனோசிஸ்னு பாதி அடிக்கிறதுக்குள்ளயே மெலனோமா வந்து நிக்குது. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி பேரை வெச்சுக்கிட்டா பையன் என்ன பண்ணுவான் பாவம். பெரியம்மா அன்னைக்கு சாயந்தரமே நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கிட்டாங்க. பதினெட்டு அடி ஆஞ்சநேயர், மாலைக்கு எவ்வளவு உளுந்து ஊற வைக்கணும்னு கணக்குப் போட்டுக்குங்க. அடுத்த நாள் சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, "இத்தனை வருசம் மாத்திரையா முழுங்கி முழுங்கித்தானுங்க மாமா குடலே கருகிப் போச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார்.

பெரியப்பா எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டார். பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நீர் மாத்திரை, எல்லாம். எனக்கு போன்ல சொன்னது இதுதான்: "ஏங்கண்ணு, உள்ளார பூராக் கருகிக் கெடக்குதாமா. அதான் மாத்திரையெல்லாம் நிறுத்திப்போட்டேன். இனி வர்றது வரட்டும்." அதைச் சொல்லும்போது நிறுத்தி 18 நாள் ஆயிருந்துச்சு. அன்னைக்குக் காலையில மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்ற தன்னார்வலர் அக்கா பிபி பார்த்திருக்காங்க. 190க்கு 110. அந்த அக்காதான் ஆட்டோ பிடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வெச்சாங்க. (2021 ஆகஸ்ட்ல அந்தத் திட்டத்தை கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சு வெச்சப்ப, மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கறதெல்லாம் ஒரு வேலையான்னு நக்கல் பண்ணின நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.)

அங்க இருந்த டாக்டரம்மா ரெண்டு பக்க ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு ரெண்டே வரி சொன்னாங்களாம். "இது சாயங்கய்யா. சட்டையில கறை பட்டா சட்டை கிழிஞ்சா போயிடும்? கறையைப் பார்த்து பயந்துக்கிட்டு கிட்னியைக் கோட்டை விட்டுடாதீங்க." அவ்வளவுதான். பெரியப்பா அன்னைக்கே மாத்திரை போட்டுக்கிட்டார்.

அந்தச் சாயம் என்ன சாயம்னு தேடிப் படிச்சப்பதான் எனக்கு சுவாரசியமே ஆரம்பிச்சுது. அது பெரும்பாலும் இரும்பு சல்ஃபைடு. அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கருப்புப் பொடி. இதை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. முட்டையை அதிக நேரம் வேக வெச்சா மஞ்சக்கருவைச் சுத்தி பச்சையும் கருப்புமா ஒரு வளையம் வரும் பாருங்க, அதே சரக்குதான். வெள்ளைக்கருவுல இருக்கிற கந்தகம் சூட்டுல வாயுவா வெளிய வருது, மஞ்சக்கருவுல இருக்கிற இரும்பைத் தொடுது, ரெண்டும் சேர்ற எல்லையில வளையம். ஊருக்கே முட்டை அனுப்புற நாமக்கல்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா என்ன? அந்த வளையத்தைப் பார்த்து முட்டை கெட்டுப் போச்சுன்னு இங்க யாரும் தூக்கி எறியறதில்லை. உப்பும் மிளகும் தூவி உள்ள தள்ளிட்டுப் போயிட்டே இருப்போம்.

குடல்ல நடக்கறதும் அதுக்குச் சித்தப்பா மகன் மாதிரிதான், சூடுதான் கிடையாது. சாப்பாட்டுல இருந்தும் மாத்திரையில இருந்தும் வர்ற இரும்பை நம்ம உடம்பு பெரும்பாலும் முன்சிறுகுடல்லதான் உறிஞ்சிக்குது. அந்தச் சவ்வுல விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்கிற குட்டி முளைகளோட நுனியில, குப்பை பொறுக்கற வேலை பார்க்கிற மேக்ரோஃபேஜ் செல்கள் இருக்கு. அதுங்க இந்த இரும்பு சமாச்சாரத்தை விழுங்கி வயித்துல வெச்சுக்குது. கந்தகம் எங்க இருந்து வருதுன்னா, நீர் பிரியறதுக்குக் கொடுக்கிற ஃப்ரூசமைடு, பிபி மாத்திரையோட கலந்து வர்ற ஹைட்ரோகுளோரோதையசைடு மாதிரி மருந்துகளோட மூலக்கூறுலயே கந்தகம் இருக்கு. ஹைட்ரலசின், ப்ரோப்ரனலால் சாப்பிடறவங்களுக்கும் இந்தப் புள்ளி வர்றதா எழுதியிருக்காங்க. அதுல கந்தகம் கிடையாது, அதனால கதை இவ்வளவு நேர்க்கோடும் இல்லை. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒரே முடிவுக்கு வரலை. ஆனா யாருக்கு வருதுங்கறதுல சண்டையே இல்லை. ரொம்ப நாள் பிபி, நாள்பட்ட கிட்னிக் கோளாறு, சர்க்கரை, இரும்பு மாத்திரை. இந்தக் கூட்டணியில ரெண்டு மூணு சேர்ந்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் வருது. எங்க பெரியப்பா கூட்டணியில எல்லாக் கட்சியும் இருந்துச்சு.

சேலத்துக்காரனா ஒரு வார்த்தை சொல்லாம போக முடியலை. கஞ்சமலையைத் தெரியும்ல? அடிவாரத்துல சித்தர் கோவில், மலை பூரா மேக்னடைட் இரும்புத் தாது. 1830கள்ல ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் நம்ம சேலத்து இரும்பை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில உலை போட்டார். ஊருக்குள்ள இவ்வளவு இரும்பை வெச்சுக்கிட்டு, உடம்புக்குள்ள கொஞ்சம் கருப்பாத் தெரிஞ்சதும் இந்த அலறு அலறுறோம். சரி, கடி ஜோக் போதும்.

இப்ப அந்தப் பேருக்கு வருவோம். மெலனோசிஸ்னா தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற மெலனின் படிஞ்சிருக்குன்னு அர்த்தம் வருது. ஆரம்பத்துல கருப்பாத் தெரிஞ்சதைப் பார்த்து மெலனோசிஸ்னு பேரு வெச்சுட்டாங்க. அப்புறம் சோதிச்சுப் பார்த்தா மெலனினே இல்லை, இரும்பு. சரி பேரை மாத்தணும் இல்லையா? மாத்தலை. முன்னாடி 'சூடோ'ன்னு ஒண்ணை ஒட்ட வெச்சாங்க, போலின்னு அர்த்தம். எங்க ஃபீல்டுல பழைய ஃபங்ஷன் பேரு தப்புன்னு தெரிஞ்சும், மாத்தினா எங்கயாவது உடைஞ்சுடும்னு பயந்து முன்னாடி ஒரு வார்த்தை சேர்த்து ஓட்டுவோம். அதே கதைதான். என்ன, எங்க ஃபங்ஷன் பேரைப் பார்த்து யாரும் பிபி மாத்திரையை நிறுத்தறதில்லை.

இதோட பெருங்குடல் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், மெலனோசிஸ் கோலைன்னு. நம்ம ஊர்ல அவனைத்தான் அதிகம் பார்க்கலாம். மலச்சிக்கலுக்கு நாட்டு மருந்துக் கடையில நிலவாகைச் சூரணம் வாங்கி வருஷக் கணக்குல சாப்பிடறவங்களுக்கு பெருங்குடல் உள்பக்கம் முதலைத் தோல் மாதிரி கருத்துப் போகும். அந்த இலையில இருக்கிற ஆந்த்ராகுயினோன் வகை ரசாயனம் செய்யற வேலை அது. அங்க படியறது இரும்பும் இல்லை மெலனினும் இல்லை, செத்த செல்லோட மிச்சமான லிப்போஃபுசின். பேரு மட்டும் விர்ஷோ காலத்துல, 1857ல வெச்சது, அப்படியே நிக்குது. சூரணத்தை நிறுத்தினா சில மாசத்துல, கூடிப் போனா ஒரு வருஷத்துல வெளுத்துடும். அதுவும் புற்றுநோய் இல்லை. ஆனா அங்க நிறுத்தச் சொல்றது நியாயம், தினமும் அந்தச் சூரணம் சாப்பிட்டுத்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்லை. முன்சிறுகுடல் புள்ளி அப்படி இல்லை. அங்க நிறுத்தினா புள்ளி போகுதோ இல்லையோ ஆளு போயிடுவார். ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிட்டு, "கருப்பு இருந்தா மருந்தை நிறுத்து"ன்னு வாட்ஸப்புல வைத்தியம் பார்க்கிறவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

என் வாதம் இதுதாங்க. ஒரு குடும்பம் பயப்படறதுக்குன்னு ஒரு அளவு தெம்பு வெச்சிருக்கு. அந்தத் தெம்பு பூராவும் புள்ளி மேல செலவாயிடுச்சு. பயப்பட வேண்டிய கிட்னி ஒரு ஓரமா உட்கார்ந்துட்டு இருந்துச்சு, அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. பெரியப்பா வீட்டுல அந்த 18 நாளும் புற்றுநோய் ஆஸ்பத்திரி எது நல்லது, கோயமுத்தூரா வேலூரான்னு பேசியிருக்காங்க. கிரியாட்டினின் எவ்வளவுன்னு ஒரு ஆள் கேட்கலை. முட்டி வலி மாத்திரையை நிறுத்தினாரான்னு கேட்கலை. பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாத்தையும் நிறுத்தின மனுஷன் வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு இருந்திருக்கார், ஏன்னா முட்டி வலிக்குதாம்! பிபியும் சர்க்கரையும் ஏற்கெனவே அரிச்சு வெச்ச கிட்னிக்கு அந்த வலி மாத்திரைதான் உண்மையான எமன். இதையெல்லாம் சொல்ல வேண்டிய காகிதம் ரெண்டு பக்கத்துக்கு கலர் போட்டோ காட்டிட்டு கம்முனு இருந்துச்சு.

நான் ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்தா எழுந்து பார்க்கிற வேலையில இருக்கேன். எங்க லாக் ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் இன்ஃபோ, வார்னிங், எர்ரர்னு ஒரு வார்த்தை இருக்கும். அந்த ஒரு வார்த்தை இருக்கறதாலதான் மனுஷன் தூங்க முடியுது. எல்லா வரியும் ஒரே மாதிரி வந்தா ஒண்ணு எல்லாத்துக்கும் அலறுவோம், இல்லை எதுக்குமே எழுந்திரிக்க மாட்டோம். பெரியப்பாவோட ரிப்போர்ட்ல அந்த முதல் வார்த்தை இல்லை. புள்ளிங்கறது இன்ஃபோ. கிட்னிங்கறது எர்ரர். ரிப்போர்ட் ரெண்டையும் தரம் பிரிக்கலை.

"ரிப்போர்ட் டாக்டருக்கு எழுதறது, பேஷண்டுக்கு இல்லை"ன்னு ஒரு டாக்டர் நண்பன் சண்டைக்கு வந்தான். காலேஜ்ல இருந்து தெரிஞ்சவன், நல்லவன்தான். ஆனா நம்ம ஊர்ல அந்த ரிப்போர்ட் எங்க இருக்குன்னு அவனுக்கே தெரியும். அது ஜவுளிக்கடைக் கவர்ல, பீரோவுக்கு மேல, பேஷண்ட் வீட்டுலதான் இருக்கு. அதை எடுத்துக்கிட்டு ஆத்தூர் டாக்டர், சேலம் டாக்டர், அப்புறம் ஈரோட்டுல யாரோ சொன்ன டாக்டர்னு ஊர் ஊராத் தூக்கிட்டுப் போறது பேஷண்ட்தான். நடுவுல பஸ்ல உட்கார்ந்து பிரிச்சுப் படிக்கிறதும் அவர்தான். கையில கொடுத்துட்டு, நீ படிக்காதேன்னு சொன்னா எப்படி?

அடுத்து அவன் சொன்னது கொஞ்சம் வலுவான பாயிண்ட். "தீங்கில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு வேற ஏதாவது வந்தா கோர்ட்டுக்கு இழுப்பாங்கடா." 1995ல சுப்ரீம் கோர்ட் சாந்தா வழக்குல காசு வாங்கிப் பார்க்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு தீர்ப்பு சொன்னதுல இருந்து டாக்டருங்களுக்கு இந்தப் பயம் இருக்கு. அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா இங்க பயாப்சி வந்தாச்சு. நிறமிதான்னு பேத்தாலஜிஸ்ட் கையெழுத்துப் போட்டாச்சு. அதுக்கு மேல 'இது தீங்கற்றது'ன்னு எழுதறதுக்கு என்ன தயக்கம்? அதை எழுதாம 'ஃபாலோ அப்'னு மட்டும் போட்டா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்க ஒரு குடும்பம் காசு சேர்க்க ஆரம்பிச்சுடும். ரிக் வண்டியில சம்பாதிச்ச காசு, மறுபடி மறுபடி அதே புள்ளியை போட்டோ எடுக்கப் போகும்.

நேரமில்லைன்னு சொன்னா ஒத்துக்குவேன். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் உட்கார்ந்து தமிழ்ல கட்டுரை எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை யாரும் கையால எழுதறதில்லை, ஒரு சாஃப்ட்வேர்ல டெம்ப்ளேட் தேர்ந்தெடுத்தா வரி வரியா தானா விழுது. அந்த டெம்ப்ளேட்டுல தமிழ்ல ஒரு பத்தி சேர்க்கறது என்னை மாதிரி ஆளுக்கு ஒரு டீ குடிக்கிற நேர வேலை. ரேஷன் கடை எஸ்எம்எஸ் தமிழ்ல வருது. மெடிக்கல் ஷாப் கவர்ல காலை, மதியம், இரவுன்னு தமிழ்ல அச்சடிச்சு டிக் அடிச்சுக் கொடுக்கறாங்க. குடலைப் பார்த்து எழுதற காகிதத்துல மட்டும் தமிழுக்கு இடம் இல்லையா?

வெறுமனே குறை சொல்லிட்டுப் போறவன்னு பேரு வேண்டாம். வரியை நானே எழுதி, அந்த ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாகிட்ட காட்டி, அவங்க ரெண்டு இடத்துல திருத்தியும் கொடுத்தாச்சு. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், காப்பிரைட் எல்லாம் கிடையாது:

"உங்கள் முன்சிறுகுடலில் தெரியும் கரும்புள்ளிகள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த நிறமி. திசுப் பரிசோதனையில் இது உறுதி செய்யப்பட்டது. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதற்காக மருந்தோ, மீண்டும் எண்டோஸ்கோப்பியோ தேவையில்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்."

ஆறேழு வாக்கியம். டாக்டரம்மா சேர்க்கச் சொன்னது அந்த சிறுநீர்ப் புரதம். கிரியாட்டினின் ஏறுறதுக்கு முன்னாடியே கிட்னி கசிய ஆரம்பிக்கறதை அது காட்டிக் கொடுத்துடுமாம், செலவும் கம்மி. நீக்கச் சொன்னது, நான் ஆர்வக்கோளாறுல எழுதி வெச்சிருந்த முட்டை உதாரணம். "ரிப்போர்ட்ல முட்டை எல்லாம் வேண்டாங்க தம்பி"ன்னு சிரிச்சாங்க. எனக்கு அதுல இப்பவும் உடன்பாடு இல்லை. சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காவது தனி டெம்ப்ளேட் போட்டு முட்டையைச் சேர்க்கலாம். நாமக்கல்ல 2022ல அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு, சேலத்துல மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986ல இருந்து இருக்கு. அங்க படிக்கிற பசங்க யாராவது இதைப் படிச்சா, உங்க புரொஃபசர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க.

ஒரு விஷயம் மட்டும் தனியா. நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுது. இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டியவங்க அவ்வளவு பேர் இருக்காங்க. இந்தப் பதிவைப் பாதி படிச்சுட்டு "இரும்பு மாத்திரை சாப்பிட்டா குடல் கருத்துடுமாம்"னு எந்தக் குடும்ப வாட்ஸப் குரூப்லயாவது போட்டீங்கன்னா, அந்த வடைமாலைக்கு உளுந்து அரைக்கிற வேலையை உங்க தலையிலதான் கட்டுவேன், சொல்லிட்டேன். புள்ளி வர்றதே அபூர்வம். வந்தாலும் ஒண்ணும் பண்ணாது. ரத்தசோகை அப்படி இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். இரும்பு மாத்திரையால வர்ற கருப்பு கெட்டியா, சாதாரணமா இருக்கும். தார் மாதிரி பிசுபிசுன்னு, கெட்ட நாத்தத்தோட போனாலோ, கூடவே தலை சுத்தினாலோ, என் பதிவைத் தேடிக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. போகும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்களோ அத்தனை அட்டையையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. முட்டி வலி மாத்திரை அட்டையையும் சேர்த்து.